சுருதி நில்லாத கிதார்

சென்ற திங்கள் இப்பகுதியில், தையற்பொறியை மழைக்காலத்தில் துருவேறாமற் காப்பது எவ்வாறு என்று எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் சிலர், "வீட்டிலுள்ள பொருள்களைப் பற்றியெல்லாம் எழுதுகிறீர்கள், இசைக்கருவிகளைப் பற்றி ஏன் எழுதலாகாது?" என்று கேட்டிருந்தனர். கேள்வி நியாயமானதே. ஆகவே, மின்கிதாரின் தலைப்பகுதியில் தந்திகளை முறுக்கிச் சுருதி கூட்டும் சிறு பொறிகளை மாற்றுவது பற்றி இத்திங்கள் எழுத முற்படுகிறோம். இளைஞர்கள் அப்பொறியைக் 'கீ' என்றே வழங்குகின்றனர். நாமும் அச்சொல்லையே ஆள்வோம்.

"நம் சங்க இதழில் கிதாருக்கும் இடமா?" என்று முதியோர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். மாட்டுங்காவில் வீணையும் வயலினும் ஒலிக்கும் இல்லங்கள் உண்டு. 1952-இல் தொடங்கப்பெற்ற சண்முகானந்த சபையின் கச்சேரிகளைக் கேட்டே வளர்ந்த குடும்பங்கள் அவை. தாராவியின் தமிழ்த் திருச்சபைகளிலோ ஞாயிறுதோறும் கிதார் ஒலிக்கிறது. செம்பூரில் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் மாலை வேளையில் மீட்டுவதும் கிதாரே. நம் பிள்ளைகள் கையிலெடுத்த கருவியைப் பற்றி நாமும் சிறிது அறிந்திருத்தல் நன்று. மேலும், கிதாரின் கீயைப் பற்றி அறியப் புகுந்த நாம், முடிவில் ஒரு பழைய வீணையின் முன் சென்று அமர நேர்ந்தது. அதனையும் இங்கே கூறுவோம்.

தாராவியில் தொண்ணூறடிச் சாலைக்கு அருகே ஒரு குடும்பம். நெல்லைச் சீமையிலிருந்து பாட்டனார் காலத்தில் வந்தவர்கள். தந்தையார் தோற்பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். மூத்த மகன் பகலில் ஓர் அலுவலகத்தில் பணியாற்றுகிறான். மாலையில் திருச்சபைப் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கிறான். தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய மின்கிதார் ஒன்றை வாங்கியிருந்தான். வாங்கிய நாள்முதல் அதில் சுருதி நிற்கவில்லை. முதற்பாட்டில் சரியாக இருக்கும். இரண்டாம் பாட்டின் நடுவில் தந்தி இறங்கிவிடும். ஒரு ஞாயிறன்று பாடகர் குழு முழுவதும் பாட்டை நிறுத்திவிட்டு அவனுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அறுப்பின் பண்டிகைக்கு மூன்று வாரமே இருந்தது.

நகரத்துக் கடை ஒன்றில் காட்டினான். கருவியைக் கையில் வாங்கிப் பார்த்த மாத்திரத்திலேயே, "ஆறு கீகளையும் மாற்ற வேண்டும், துளைகளையும் பெரிதாக்க வேண்டும்" என்றனர். அவர்கள் கூறிய தொகை, அவன் கிதாருக்குக் கொடுத்த விலையில் பாதிக்கு மேல். தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த பணத்திலிருந்து தந்தையார் அதனை எடுத்துக் கொடுத்தார். தாயார் ஒரு சொல்லும் கூறவில்லை. அந்த மௌனமே தன்னை உறுத்தியது என்று அவன் பின்னர் நம்மிடம் கூறினான். பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைக்குப் போகாமல், நம் சங்க நூலகத்திற்கு வந்தான். "ஐயா, இது உண்மையிலேயே கீயின் குற்றந்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டான்.

அக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின் கீ வேலை செய்யும் விதத்தை முதலில் அறிய வேண்டும். மின்கிதாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இழுப்பைத் தாங்கி, தந்தியை வேண்டிய இடத்தில் நிறுத்துவது கீயின் பணி. நாம் விரலாற் திருகும் குமிழுக்கு உட்புறம் புரி வெட்டிய சிறு தண்டு ஒன்று இருக்கிறது. அப்புரி ஒரு பற்சக்கரத்தின் பற்களில் பதிந்து அதனைச் சுழற்றுகிறது. பற்சக்கரத்தோடு இணைந்த சிறு தூணில் தந்தி சுற்றப்படுகிறது. குமிழை 14 முறை சுழற்றினால் தூண் ஒரு முறை சுழலும் வகையில் அமைந்த கீகளே மிகுதி. 18 முறைக்கு ஒன்று என அமைந்தனவும் உண்டு. இவ்வமைப்பில் ஒரு சிறப்பு இருக்கிறது. புரித்தண்டு பற்சக்கரத்தைச் சுழற்றும். ஆனால் பற்சக்கரம் புரித்தண்டைத் திரும்பச் சுழற்ற இயலாது. தந்தி எவ்வளவு இழுத்தாலும் குமிழ் தானாகத் திரும்பாது. ஆகவே பற்கள் தேய்ந்தாலொழிய, தூண் ஆடினாலொழிய, கீ சுருதியை விட்டுக்கொடுப்பது அரிது.

இப்பொறியின் வரலாறும் சுவையானது. ஐரோப்பாவில் பழைய கிதார்களுக்கு மர முளைகளே இருந்தன. 1820-களில் வியன்னா நகரத்தில் யோகான் கியார்க் ஸ்டாஃபர் என்னும் கைவினைஞர், ஆறு கீகளையும் தலைப்பகுதியின் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்துக் கிதார் செய்தார். அவரிடம் தொழில் பயின்றவருள் சாக்சனி நாட்டைச் சேர்ந்த கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் என்பவர் ஒருவர். மார்ட்டின் குடும்பத்தார் தச்சர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர் ஊரில் வயலின் செய்வோர், கிதார் செய்யும் உரிமை தங்களுக்கே உரியது என்றும் தச்சர்களுக்கு அது இல்லை என்றும் வழக்காடினர். 1833-இல் மார்ட்டின் குடும்பத்தோடு கப்பலேறி நியூயார்க் சென்றார். அங்கே அவர் செய்த தொடக்ககாலக் கிதார்கள் சிலவற்றில் ஸ்டாஃபரின் ஒற்றை வரிசைக் கீகளைக் காணலாம். தொழில் செய்ய உரிமை தேடிக் கடல் கடந்தவர் அவர். பிழைப்பைத் தேடி இரயிலேறி இந்நகருக்கு வந்த நம்மவர்க்கு அவர் கதை அயலானதன்று. பின்னர், 1954-இல் லியோ ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிதார் வெளிவந்தபோது அதிலும் ஆறு கீகள் ஒரே வரிசையில் இருந்தன. நம் இளைஞனின் கிதாரும் அதனைப் பார்த்துச் செய்த பல்லாயிரம் கிதார்களுள் ஒன்றே.

இனிக் குற்றத்தைக் கண்டறியும் முறையைக் கூறுவோம். இதற்குப் பென்சில் ஒன்று போதும். சுருதி கூட்டியபின், ஒவ்வொரு கீயின் தூணிலும் அதனைச் சூழ்ந்த உலோக வளையத்திலும் சேர்ந்தாற்போல் ஒரு சிறு கோடு இடுக. அரைமணி நேரம் வாசிக்க. சுருதி இறங்கியிருந்து, கோடுகள் ஒன்றற்கொன்று நேராகவே இருக்குமாயின் குற்றம் கீயில் இல்லை. தந்தி புதிதாகி இன்னும் நீண்டுகொண்டிருக்கலாம். தூணில் தந்தியைச் சுற்றிய விதம் ஒழுங்கற்றதாயிருக்கலாம். அல்லது, கழுத்தின் தலைப்பில் தந்திகளைத் தாங்கும் காடிக்கட்டையின் பள்ளங்கள் குறுகலாயிருந்து தந்தியைக் கவ்விப் பிடிக்கலாம். சுருதி கூட்டும்போது 'டிக்' என்னும் சிற்றொலி கேட்டுத் தந்தி சட்டென்று ஏறுமாயின், காடிக்கட்டையின் குற்றமே என்று ஐயுறலாம். கோடு விலகியிருந்தால் மட்டுமே கீயைக் குறை கூற வேண்டும்.

சங்க நூலகத்தின் மேசைமீது ஒரு பழந்துணியை விரித்து, அவனும் நாமும் இச்சோதனையைச் செய்தோம். ஆறு தந்திகளுள் நான்கு இறங்கியிருந்தன. அந்நான்கில் மூன்றின் கோடுகள் சிறிதும் விலகவில்லை. காடிக்கட்டையின் பள்ளங்களில் பென்சிற் கரியைத் தேய்த்துத் தந்திகளைத் திரும்ப வைத்ததும் அம்மூன்றும் நின்றுவிட்டன. எஞ்சியது மூன்றாம் தந்தி ஒன்றே. அதன் குமிழைக் கால் சுற்று திருகியும் தூண் அசையவில்லை. தூணை விரலால் தொட்டாலோ ஆடிற்று. பற்கள் தேய்ந்துவிட்டன. ஆறு கீகளுள் மாற்றத்தக்கது ஒன்றுதான்.

கீகள் பெரும்பாலும் ஆறு சேர்ந்த தொகுதியாகவே விற்கப்படுகின்றன. ஆயினும் அவன் நண்பன் ஒருவனிடம் உடைந்த கிதார் ஒன்று கிடந்தது. அதிலிருந்து ஒரு நல்ல கீ கிடைத்தது. ஒற்றை வரிசைக் கிதாருக்குரிய கீ ஆதலால் திசையும் பொருந்திற்று. தலையின் இருபுறமும் மும்மூன்றாகக் கீகள் அமைந்த கிதாராயின், இடப்பக்கத்துக் கீ வலப்பக்கத்திற்கு ஆகாது என்பதை வாங்குவோர் நினைவிற் கொள்க.

ஆனால் அளவு பொருந்தவில்லை. இக்காலத்துக் கீகள் பலவற்றிற்குத் தலைப்பலகையின் துளை 10 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். பழைய பாணிக் கீயின் தூண் 6.35 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. இவன் கிதாரின் துளை பெரிது. கிடைத்த கீயோ சிறிது. அப்படியே வைத்தால் தூண் துளைக்குள் ஆடும். அவன் தாய்மாமன் தாராவியிலேயே ஒரு கடைசல் பட்டறையில் வேலை செய்பவர். வெளிவிட்டம் 10, உள்விட்டம் 6.35 மில்லிமீட்டர் என்று அளவு எழுதிக் கொடுத்தோம். பித்தளைத் துண்டொன்றில் 'புஷ்' என்னும் வளையத்தைக் கடைந்து மறுநாளே கொண்டுவந்தார். விரலால் அழுத்தியவுடன் அது துளையில் அமர்ந்துவிட்டது. மரத்தில் ஓர் இழையும் சீவ வேண்டியிருக்கவில்லை.

மாற்றும் முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலில் தந்தியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. இறுகிய தந்தியை வெட்டலாகாது. தலைப்பலகையின் முன்புறத்தில் அறுகோண மரை இருந்தால் 10 மில்லிமீட்டர் ஸ்பானரால் அதனைக் கழற்றுக. பின்புறத்துச் சிறு திருகாணியையும் நீக்கினால் கீ வெளிவந்துவிடும். புதிய கீயின் திருகாணித் துளை பழைய துளைக்கு நேராக வாராவிடின், பழைய துளையில் பல் குத்தும் குச்சியை மரப்பசை தடவிச் செருகி, ஓர் இரவு உலரவிட்டு, மட்டமாக வெட்டுக. புதிய துளையைக் கைத்துரப்பணத்தால், திருகாணியைவிட மெல்லியதாக, ஆழம் அளந்து இடுக. திருகாணியின் புரியில் சிறிது மெழுகோ சோப்போ தடவினால் அது மரத்தைப் பிளவாமல் இறங்கும், தலையும் முறியாது. அறுகோண மரையை அளவுக்கு மேல் இறுக்கலாகாது. இறுக்கினால் மெருகு வெடிக்கும். தந்தியைத் தூணில் இரண்டு மூன்று சுற்றுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, மேலே ஏறாதவாறு சுற்றுக. சுருதி கூட்டும்போது எப்பொழுதும் கீழிருந்து மேலேற்றியே நிறுத்துக. ஏற்றியது மிகுதியானால், நன்றாக இறக்கி மீண்டும் ஏற்றுக. பற்களின் இடையிலுள்ள இடைவெளி அப்பொழுதுதான் அடைபடும். கழற்றிய பழைய கீயை எறிந்துவிடாமல் ஒரு பெட்டியில் வைத்துக் குறிப்பெழுதி வைக்க.

அறுப்பின் பண்டிகையன்று நாமும் சென்றிருந்தோம். பாட்டுகள் முடியும்வரை அவன் ஒருமுறையேனும் கீயைத் தொடவில்லை. பணத்தில் புதுத் தந்திகளுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிகுதியைத் தாயாரிடம் கொடுத்துவிட்டான். தந்தையார் அந்தப் பித்தளை வளையத்தை, தாம் தைத்த தையலைப் பார்ப்பதுபோலவே, கிதாரைச் சாய்த்துச் சாய்த்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இச்செய்தி எவ்வாறோ மாட்டுங்காவில் உள்ள நம் சங்கத்து மூத்த அம்மையார் ஒருவர் செவிக்கு எட்டிற்று. எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். மணமாகி இந்நகருக்கு வந்தபோது தம்முடன் தஞ்சாவூர் வீணை ஒன்றைக் கொண்டுவந்தவர். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றதை அன்பர்கள் அறிவர். ஆனால் இவர் வீட்டு வீணையோ பல ஆண்டுகளாகத் துணி மூடிய நிலையில் ஒரு மூலையில் கிடந்தது. பிரடைகள் மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும், பனிக்காலத்தில் வழுக்கிவிடும். அம்மையாரின் விரல்களில் முன்போல் வலுவில்லை. "அந்தத் தம்பியை அழைத்து வாருங்கள். என் வீணைக்கும் கிதார் கீயை வைத்துவிடட்டும். இல்லையேல் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மகன் சொல்கிறான்" என்று நமக்குச் சொல்லி அனுப்பினார்.

அவர் கேட்டதில் தவறில்லை. மேனாட்டுக் கருவிகளை நம் இசை ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறது. வயலின் வந்தது, மின் மாண்டலினில் ஐந்து தந்திகளை அமைத்துக்கொண்டு உ. ஸ்ரீநிவாஸ் நம் இராகங்களை வாசித்தார். 2014-இல் மறைந்த அக்கலைஞரின் கருவியில் சுருதி கூட்டியவையும் இத்தகைய கீகளே. இந்நாளில் கீ பொருத்திய வீணைகளும் விற்பனைக்கு வருகின்றன. கை தளர்ந்தோர்க்கும், ஊர் ஊராகக் கச்சேரிக்குச் செல்வோர்க்கும் அவை பேருதவி. ஆகவே, அது கூடாது என்று நாம் சொல்லவில்லை.

தாராவியிலிருந்து மாட்டுங்கா நடந்து செல்லும் தொலைவே. எனினும் அந்த இளைஞன் அத்தெருவிலுள்ள ஒரு வீட்டினுள் நுழைந்தது அதுவே முதன்முறை. வாசலிலேயே தயங்கி நின்றான். அம்மையார், "உள்ளே வா, தம்பி. வீணை கூடத்தில் இருக்கிறது" என்று அழைத்துச் சென்றார். பன்னிரண்டு வயதுப் பேத்தியும் அருகில் வந்து அமர்ந்தாள்.

வீணையில் தந்திகள் ஏழு. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்னும் நான்கும் மெட்டுகளின்மேல் செல்வன. மற்றை மூன்றும் தாளத்திற்குரியவை. ஏழு பிரடைகளும் பற்சக்கரம் ஏதுமின்றி, மரம் மரத்தைப் பற்றும் பிடிப்பினாலேயே நிற்கின்றன. துளையும் பிரடையும் ஒருபுறம் அகன்று மறுபுறம் ஒடுங்கியவை. மழையில் மரம் ஈரத்தை உண்டு பருப்பதால் பிரடை இறுகுகிறது. உலர்ந்தால் சுருங்கி வழுக்குகிறது. நுண்ணிய சுருதிக்கு நாகபாசத்தருகே லங்கர்கள் உள்ளன.

இளைஞன் ஒரு பிரடையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான். பின் துளையைப் பார்த்தான். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டி, என் கிதாருக்குத் துளை முன்பே பெரிதாக இருந்தது, வளையம் செய்து வைத்தேன். இதற்குக் கீ வைக்க வேண்டுமானால் இந்தத் துளையை வெட்ட வேண்டும். வெட்டிவிட்டால் பழைய பிரடை மறுபடியும் நிற்காது. முதலில் பிரடைகளைச் சீர்செய்து பார்க்கலாம். சரிப்படாவிட்டால், வீணை செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கீ வையுங்கள். நான் வெட்ட மாட்டேன்" என்றான்.

ஏழு பிரடைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தான். படிந்திருந்த பழைய பிசுக்கை நீக்கினான். வழுக்கும் பிரடைக்குச் சாக்குக்கட்டியையும், சிக்கும் பிரடைக்கு உலர்ந்த சோப்பையும் தேய்த்தான். வயலின்காரர் நெடுங்காலமாக அறிந்த வைத்தியமே இது. பிரடையைத் திருப்பும்போதே உள்நோக்கிச் சிறிது அழுத்த வேண்டும் என்பதை அம்மையார் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆறு பிரடைகள் நன்றாக நின்றன. சாரணிப் பிரடை மட்டும் நின்றாலும், அதனைத் திருப்ப அம்மையாரின் விரல்களுக்கு இயலவில்லை. மூன்றுமுறை முயன்றார். இளைஞன் நம்மைப் பார்த்தான். நமக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அம்மையார் கையை எடுத்துவிட்டுப் பேத்தியை அழைத்தார். "நீ திருப்பு. நான் போதும் என்று சொல்லும்போது நிறுத்து" என்றார். சிறுமி திருப்பினாள். தந்தி ஏறிற்று, சற்று மிகுதியாக ஏறிற்று, இறங்கிற்று, மீண்டும் ஏறிற்று. கால்மணி நேரம் சென்றபின் அம்மையார், "போதும்" என்றார். பிறகு நெடுநாளைக்குப் பின் அவ்வீணையில் ஒரு வர்ணத்தைத் தொடங்கினார். பாதியில் விரல் ஓய்ந்துவிட்டது. எனினும் சுருதி நின்றது.

இப்பொழுது சனிக்கிழமை மாலைதோறும் பேத்தி சுருதி கூட்டக் கற்று வருகிறாள். சாரணிக்கு மட்டும் ஒரு கீ வைப்பதா என்ற பேச்சு அவ்வீட்டில் இன்னும் இருக்கிறது. அடுத்த மழைக்காலம் முடிந்தபின் முடிவு செய்யலாம் என்று அம்மையார் கூறியிருக்கிறார். வைத்தாலும் நாம் வருந்த மாட்டோம். வாசிக்கப்படாத வீணையைவிடக் கீ வைத்த வீணை மேலானதே.

அன்பர்களுக்கு நாம் கூற விழைவது இவ்வளவே. உங்கள் இல்லத்துக் கருவியில் சுருதி நில்லாவிடின், கடைக்குச் செல்லுமுன் பென்சிலால் ஒரு கோடு இட்டுப் பாருங்கள். பழுதான உறுப்பை மட்டும் மாற்றுங்கள். துளையை வெட்டுமுன், துளைக்கு ஏற்ற உறுப்பு கிடைக்குமா என்று தேடுங்கள். பிள்ளை கிதாரைக் கழற்றிக்கொண்டிருந்தால் அதட்டாமல் அருகில் அமருங்கள். அவனுக்கு ஒரு பழந்துணியும், திருகாணிகள் உருண்டோடாமல் வைக்க ஒரு கிண்ணமும் தேவைப்படும்.